‘ஓ’ போல இருக்கும், ‘ஓ’ அல்ல! பம்பாய் ரத்தத்தின் அதிசயம்

ரத்தம் நான்கு வகை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஏ, பி, ஏபி, ஓ. மனித ரத்தத்தில் இப்படி வகைகள் உண்டு என்று 1901-ம் ஆண்டில் உலகுக்குக் காட்டியவர் வியன்னா நகரத்து டாக்டர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருக்கு முன்பும் ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றிப் பார்த்தது உண்டு. ஆனால் அது குருட்டு அதிர்ஷ்டம்தான். சிலர் பிழைத்தார்கள், சிலர் மாண்டார்கள்.

இந்த நான்கிலும் சேராத ரத்தம் ஒன்று இருக்கிறது. அதை முதன்முதலில் கண்டுபிடித்தது சீமையில் அல்ல, நம் நாட்டில். அன்றைய பம்பாய், இன்றைய மும்பை நகரத்தில் சிலருடைய ரத்தம் டாக்டர்களைத் திகைக்க வைத்தது. பார்த்தால் ‘ஓ’ போல இருந்தது. ஆனால் ‘ஓ’ ரத்தமே அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை! டாக்டர் ஒய். எம். பெண்டேயும் அவரோடு ஆராய்ந்தவர்களும் 1952-ல் இதை லண்டன் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஊர்ப் பெயரே ரத்தத்துக்கும் பெயராகிவிட்டது. ஊரின் பெயர் மாறியும், ரத்தத்தின் பெயர் இன்னும் ‘பம்பாய்’தான்.

ஆணியும் படமும்

இது என்ன விந்தை? ஓர் உதாரணம் சொல்லலாம். சுவரில் படம் மாட்டவேண்டும் என்றால் முதலில் ஆணி அடிக்கவேண்டும். நம் ரத்தத்தின் சிவப்பு அணுக்களின் மேலும் அப்படி ஓர் ஆணி இருக்கிறது. அதற்கு ‘எச்’ பொருள் என்று பெயர். இந்த ஆணியில் ‘ஏ’ படம் மாட்டியிருந்தால் ‘ஏ’ பிரிவு. ‘பி’ படம் இருந்தால் ‘பி’ பிரிவு. இரண்டும் இருந்தால் ‘ஏபி’. ஒரு படமும் இல்லாமல் வெறும் ஆணி மட்டும் இருந்தால் ‘ஓ’.

பம்பாய் ரத்தத்தில் அந்த ஆணியே கிடையாது!

ஆணி இல்லாவிட்டால் படம் எங்கே தொங்கும்? ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்று கண்டு, மேலோட்டமாகச் சோதிப்பவர் ‘ஓ’ என்று எழுதிவிடுகிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தன்னிடம் இல்லாத பொருள் உள்ளே வந்தால் உடம்பு அதைப் பகைவன் என்று நினைக்கும். பம்பாய் ரத்தக்காரரின் உடம்பில் அந்த ‘எச்’ பொருளை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே ஊறியிருக்கிறது. ‘ஓ’ ரத்தத்தில்தான் ‘எச்’ மிக அதிகம். அதை ஏற்றினால் வந்த அணுக்கள் உடைந்து சிதறும். உயிருக்கே மோசம் வரலாம். அவசர நேரத்தில் யாருக்கும் கைகொடுக்கும் ரத்தம் என்று ‘ஓ’ நெகடிவுக்கு நல்ல பெயர் உண்டு. இவர்களுக்கு மட்டும் அதுவே எமன்!

குடும்பத்தில் விழும் சந்தேகம்

ரத்தம் ஏற்றும் வேளையில் வரும் ஆபத்தைப் பற்றி டாக்டர்கள் பேசுகிறார்கள். இன்னோர் ஆபத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

தகப்பனுக்கு ‘ஓ’. தாய்க்கும் ‘ஓ’ என்று சீட்டில் எழுதியிருக்கிறது. குழந்தைக்கோ ‘பி’. ‘ஓ’வும் ‘ஓ’வும் சேர்ந்தால் ‘பி’ பிறக்காது என்று பாடப் புத்தகம் சொல்கிறது. படித்த மாமா ஒருவர் இதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினால் போதும்; அந்த வீட்டில் நிம்மதி போய்விடும்.

ஆனால் தாயின் ரத்தம் பம்பாய் ரத்தமாக இருக்கலாம் அல்லவா? அவள் முன்னோரிடமிருந்து ‘பி’ படத்தைப் பெற்றிருக்கிறாள். மாட்ட ஆணி இல்லாததால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. குழந்தைக்குத் தகப்பன் ஆணியைக் கொடுக்கிறான். தாய் படத்தைக் கொடுக்கிறாள். ‘பி’ தெரிந்துவிடுகிறது. தாய் மேல் ஒரு களங்கமும் இல்லை. வெறும் ரத்தப் பிரிவுச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளப்பது அநியாயம் மட்டுமல்ல, அறியாமையும்கூட.

சொந்தத்தில் கல்யாணம்

இந்த ரத்தம் இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவரிடம் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலோ பத்து லட்சம் பேருக்கு ஒருவர். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஆணி இல்லாத குணம் வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்குப் பம்பாய் ரத்தம் அமையும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்யும் குடும்பங்களில், ஒரே பாட்டன் கொடுத்த மறைந்த குணம் இரண்டு பக்கமும் வந்து சந்திக்க வாய்ப்பு அதிகம். ஒருவருக்கு இந்த ரத்தம் என்று தெரிந்தால், கூடப் பிறந்தவர்களை உடனே சோதிக்கவேண்டும். தாய் தகப்பனுக்கு இந்த ரத்தம் இல்லாவிட்டாலும், உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் அது இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆர்எச் பொருத்தமும் பார்த்துக்கொண்டால், உயிர் காக்கும் ரத்தம் அடுத்த அறையிலேயே இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க உதவும் பொருளைக் கேட்டால் வாசகர்கள் வியப்பார்கள். ஒரு முட்செடியின் விதை! ஐரோப்பாவில் ‘கார்ஸ்’ என்று சொல்லும், மஞ்சள் பூப் பூக்கும் புதர் அது. அதன் விதைச் சத்து ‘எச்’ பொருளைக் கண்டால் பற்றிக்கொண்டு அணுக்களைத் திரளச் செய்யும். உண்மையான ‘ஓ’ ரத்தம் திரளும். பம்பாய் ரத்தம் திரளாது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த இந்தப் புதர் நம் நீலகிரியிலும் மண்டி, புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. களை என்று அங்கே பிடுங்கும் செடிதான், சோதனைச்சாலையில் மருந்துக் குப்பியில் மதிப்போடு உட்கார்ந்திருக்கிறது!

செய்யவேண்டியது என்ன?

அணுக்களை மட்டும் பார்த்துவிட்டு ‘ஓ’ என்று எழுதுவது போதாது. ரத்தத்தின் தெளிநீரை ‘ஓ’ அணுக்களோடு சேர்த்தும் பார்க்கவேண்டும். திரண்டால் உடனே சந்தேகப்படவேண்டும். முறையான ரத்த வங்கிகள் இதைச் செய்கின்றன. மூலைமுடுக்கில் உள்ள பரிசோதனைக் கூடங்களும், இலவச முகாம் நடத்துவோரும் இரண்டு சொட்டு மருந்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சீட்டை நம்பி யாரும் இருக்கக்கூடாது.

எடுத்து வைத்த சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாட்கள்வரைதான் தாங்கும். ஆகவே பம்பாய் ரத்தத்தைச் சாதாரணமாக நிறையச் சேர்த்துவைக்க முடியாது. ஆட்களைத்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மாவட்டந்தோறும் அவர்களுடைய பட்டியல் ஒன்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். ஆள் வீடு மாறினால் பட்டியலும் மாறவேண்டும். பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப்போகிறவர்கள், ‘ஓ’ என்று சொன்னால், “தெளிநீர்ச் சோதனையும் செய்தீர்களா டாக்டர்?” என்று தயங்காமல் கேட்கலாம். வலி எடுத்தபின் அல்ல, மாதம் நிறைவதற்கு முன்பே.