கொட்டகைத் தின்பண்டமும் வீட்டுக் கூடமும்

திரைப்படம் பார்க்கையில் எதைத் தின்பது, எதைக் குடிப்பது என்பதும் ஒரு கேள்வியா என்று பெரியவர்கள் நகைக்கக்கூடும். மேல்நாடுகளில் இந்தப் படத்துக்கு இந்தப் பலகாரம், அந்தப் படத்துக்கு அந்தத் திராட்சை இரசம் என்று நூல்களே எழுதுகின்றனர். நம் நாட்டிலோ இக்கேள்விக்குக் கூடாரக் கொட்டகையே விடை கூறிவிட்டது.

அக்கொட்டகையின் வரலாறு கிறிஸ்தவக் குடும்பங்கள் அறியவேண்டியது. 1905-ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கிறிஸ்தவர், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராய்க் கூடாரமடித்துப் படங்காட்டப் புறப்பட்டார். அவர் காட்டிய படங்களுள் நம் ஆண்டவரின் வாழ்க்கைச் சித்திரமும் ஒன்று.

பிற்காலத்தில் நம் செங்கற்பட்டுச் சீமையின் சிற்றூர்களும் கண்ட டூரிங் டாக்கீஸில் பெரும்பாலும் படக்கருவி ஒன்றே. சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். ஆகவே ஒரே காட்சிக்கு மூன்று நான்கு இடைவேளைகள்! முறுக்கு, வேர்க்கடலை, சுண்டல், கோலி சோடா எல்லாம் அப்போதுதான் வரும். மணல் தரையில் அமர்ந்திருப்போர் கையில் ஏந்தக்கூடியவை அவை. இலையும் வேண்டா, தட்டும் வேண்டா. கூடாரப் புழுக்கத்துக்குச் சோடாவை விட உகந்தது வேறில்லை. முக்கியமான செய்தி வேறு: வெளிச்சத்தில் தின்றார்கள், இருட்டில் பார்த்தார்கள். ஒரு பொட்டலம் நாலு கைகளுக்குப் போயிற்று. கொடுத்தவர் முகமும் வாங்கியவர் முகமும் தெரிந்தன.

பின்னர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்துப் பிரார்த்தனா திறந்தவெளி அரங்குக்கு, காரில் புளியோதரையும் பாயும் ஏற்றிக்கொண்டு சென்ற குடும்பங்களும் உண்டு. இன்றைய அரங்குகளிலோ வீட்டுப் பண்டத்துக்கு இடமில்லை. வெளியுணவைத் தடுக்க அரங்கு உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று 2023 சனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நல்ல குடிநீரை இலவசமாக வழங்கவேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைப் பெற்றோர் கொண்டுவரத் தடையில்லை என்றும் அது கூறிற்று. தாய்மார்கள் இதை நினைவில் வைக்கவும். சோளப்பொரி விலையைக் கண்டு மலைக்கிறவர்கள், மாலையில் மாமல்லபுரக் கடற்கரையில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு இரவுக் காட்சிக்குப் போகலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் நம்மை உண்மையில் வருத்தவேண்டியது அரங்கன்று, வீட்டுக் கூடம். இரவு உணவு தட்டோடு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் வந்துவிட்டது. அங்கே இடைவேளை என்பது விளம்பரமே. உணவுக்கு முன் செபம் விடுபடுகிறது. சோறு முடிந்ததும் குழம்பு எதுவென்று கேட்டால் பிள்ளைக்குத் தெரியவில்லை. சில வீடுகளில் தந்தையின் முன் புட்டியும் வந்து அமர்கிறது. கானாவூரில் ஆண்டவர் இரசம் அளித்தாரே என்று வாதிப்போர் உண்டு. அவர் அளித்தது விருந்தினர் அனைவருக்கும். இப்புட்டியோ ஒருவருக்கு, மனைவியும் மக்களும் அடுக்களையில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். எந்தப் படமானாலும் அதற்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

உணவைப் பற்றியே எடுக்கப்பட்ட ஒரு படத்தைச் சொல்கிறேன். 1987-இல் டென்மார்க் நாட்டில் காபிரியேல் ஆக்சல் இயக்கிய ‘பாபெத்தின் விருந்து’. பரிசுச் சீட்டில் கிடைத்த பதினாயிரம் பிராங்கையும் அகதியான ஒரு சமையற்காரி ஒரே விருந்தில் செலவிட்டுப் பன்னிருவருக்குப் படைக்கிறாள். உணவின் சுவையைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று அவ்வூர்ப் பெரியவர்கள் முன்னமே உறுதி பூண்டிருக்கிறார்கள்! கவளம் கவளமாக அவர்கள் முகம் மாறுவதுதான் கதை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய மடலில், பிறரை மகிழ்விப்பதன் மகிழ்ச்சிக்கு இப்படத்தின் காட்சியொன்றையே எடுத்துக்காட்டினார். இதைப் பார்க்கும் இரவில் கொறிக்க ஒன்றும் வேண்டா. முன்னதாக எல்லோரும் சேர்ந்து உண்டுவிடுங்கள். முடிந்தபின் சுக்குக் காப்பி வையுங்கள். சமைத்தவரைத் தவிர வேறு யாராவது அதைப் போடட்டும்.

இனித் தவக்காலம். பெரிய வெள்ளி மாலையில் திருப்பாடுகளின் படத்தைப் பார்க்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அன்று ஒருசந்தியும் சுத்தபோசனமும் ஆதலால், பெரியவர்கள் ஒருவேளைக் கஞ்சியோடு அமர்வார்கள். அருகில் ஒரு செம்பு தண்ணீர் போதும். பதினான்கு வயது நிறையாத பிள்ளைகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. அவர்களுக்குப் பசித்தால் படத்தை நிறுத்தி, விளக்கை ஏற்றி, பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுங்கள். கல்வாரிக் காட்சிக்கு முன்பாகவே கொடுத்துவிடுங்கள். அந்நேரம் காகிதப் பொட்டலம் சரசரக்க வேண்டா.