மரண அறிவித்தலில் இடமில்லாதோர்

எமது புலம்பெயர் பத்திரிகைகளை நாம் பின்பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறோம். யார் செத்தது என்று பார்த்த பிறகுதான் அரசியலும் ஆய்வும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர்ச்சங்கதி கிடைக்கிற இடம் அதுதான். ஆனால் அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நாம் கேட்பதில்லை. கேட்காமல் விட்டால் ஒரு சமூகத்துக்கு என்ன மிஞ்சும் என்பதை அறிய ரங்கூனைப் பார்க்கலாம்.

1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்நகரின் நாலு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர். வட்டிக்கடையிலும் துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் தமிழ் கேட்டது. வெ. சாமிநாத சர்மா அங்கிருந்துதான் 'ஜோதி'யை நடத்தினார். 'ரசிகரஞ்சனி', 'தொண்டன்' என்று தமிழ்ப் பத்திரிகைகளும் இருந்தன. ஜப்பானியப் படை நெருங்க, 1942இல் லட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து இந்தியாவை நோக்கி நடந்தார்கள். சர்மாவும் நடந்தார், பிழைத்து வந்தார், எழுதினார். வழியில் பசியிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் எத்தனை ஆயிரம் என்பதற்கே ஒருமித்த கணக்கில்லை. கணக்கே இல்லாத இடத்தில் பெயர்களை எங்கே தேடுவது?

1962இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் அரசுடைமையாயின. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மறுபடியும் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். 1966இல் தனியார் பத்திரிகைகளுக்குத் தடை வந்தது. இந்திய மொழிகளிலும் சீனத்திலும் பத்திரிகை இல்லையென்றாயிற்று. அன்றோடு அந்த நகரத்தில் தமிழன் தமிழில் சாவதும் நின்றது. வீட்டில் தமிழ்ப்பெயர், வெளியில் பர்மியப்பெயர் என்று இரண்டு பெயரோடு வாழ்ந்தவர் பலர். பர்மியப் பெயரில், பர்மிய எழுத்தில் ஒரு மரண அறிவித்தல் வந்தால், அது தங்கள் பெரியப்பா என்று வியாசர்பாடியிலோ காரைக்குடியிலோ இருக்கிற உறவு எப்படி அறியும்? 2013இல் தனியார் தினசரிகள் திரும்பி வந்தன. 2021இல் இராணுவமும் திரும்பி வந்தது.

நெ வின்னைத் திட்டுவது சுலபம். லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் எம்மைத் தடுக்க எந்த நெ வின் இருக்கிறார்? அச்சு இருக்கிறது, எழுத்து இருக்கிறது, தடை இல்லை. நாம் செய்திருப்பது என்ன? இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்ட இளைப்பாறிய அதிபர், ஆலய தர்மகர்த்தா, சமூகசேவையாளர். அரைப்பக்கம், கால்பக்கம், வர்ணத்துக்குத் தனிக்காசு. பிரமுகர் என்றால் 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று ஆசிரியரே எழுதுவார். உணவகத்தில் இருபது வருடம் கோப்பை கழுவி, விசா கிடைக்காமலே அறைக்குள் செத்தவனுக்கு யார் காசு கட்டுவது? யார் சுட்டது என்று எழுதப் பயந்த சாவுகளை 'அகாலமரணம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் புதைத்ததும் நாம்தான். ரங்கூனில் அரசு செய்ததை இங்கே எமது காசும் பயமும் செய்கின்றன.

விளம்பரக் காசில்லாமல் பத்திரிகை நடத்துவது எப்படி என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரைப்பக்கங்களை விற்றுக்கொள்ளுங்கள். நாம் கேட்பது நாலு வரி மட்டும்: பெயர், ஊர், செய்த தொழில், செத்த விதம். காசு வாங்காமல், பட்டம் போடாமல். பிரமுகரை அவருடைய பிள்ளைகள் எப்படியும் நினைவில் வைத்திருப்பார்கள், கல்வெட்டும் அச்சடிப்பார்கள்.

ஐம்பது வருடம் கழித்து எமது பேரப்பிள்ளை ஒன்று இப்பத்திரிகைகளைத் தேடி எடுத்தால், இங்கு வந்த தமிழர் எல்லோரும் அதிபர்களும் தர்மகர்த்தாக்களும் என்றே நினைக்கும். அந்தப் பொய்யைக் கிழமைதோறும் அச்சடித்துக்கொண்டிருப்பவர்கள் நாம்.