போன் புதுசு... அப்டேட் எங்கே? ஆளாளுக்கு கைகாட்டும் கம்பெனிகள், அல்லாடும் ஜனங்கள்!

சுந்தரபாண்டியம்,

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் வட்டாரத்தில் இன்றைக்கு செல்போன் இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். தறிக்கூலி வந்ததா என்று பார்ப்பது, கியாஸ் புக் செய்வது, பிள்ளைகளின் பள்ளிக்கூட தகவல், பேங்க் கணக்கு என்று எல்லாமே அந்த 6 அங்குல கண்ணாடிக்குள்தான்.

ஆனால் அந்த போனை பத்திரமாக வைத்திருக்கும் 'சாப்ட்வேர் அப்டேட்' மட்டும் நேரத்துக்கு வந்து சேருவதில்லை. சிலருக்கு மாசக்கணக்கில் தாமதம். பலருக்கு வருவதே இல்லை!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போய் தவணையில் போன் எடுத்தவர்களுக்கு கடைசி தவணை கட்டி முடிக்கும்போதே போன் 'பழசாகி' விடுகிறது. "போன் நல்லாத்தானே ஓடுது, அப்புறம் ஏன் இந்த ஆப் ஏற மாட்டேங்குது?" என்பதுதான் எல்லோரது கேள்வியும். இந்த தாமதத்துக்கு யார் பொறுப்பு? விவரம் வருமாறு:-

அப்டேட் என்பது அழகுக்கு அல்ல

அப்டேட் வந்தால் ஐகான் மாறும், கலர் மாறும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது 2 வகை. ஒன்று, ஆண்ட்ராய்டு 14, 15 என்று வருடத்துக்கு ஒரு தடவை வரும் பெரிய அப்டேட். இன்னொன்று, சாப்ட்வேரில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் செக்யூரிட்டி அப்டேட்.

2015-ம் ஆண்டு ஜூலையில் 'ஸ்டேஜ்பிரைட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு வீடியோ மெசேஜ் அனுப்பியே ஆண்ட்ராய்டு போனுக்குள் புகுந்துவிடலாம் என்ற நிலை. உலகமே பதறியது. அதன் பிறகுதான் கூகுள் நிறுவனம் மாதம் தவறாமல் செக்யூரிட்டி அப்டேட் வெளியிட தொடங்கியது.

மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பும் ஆண்ட்ராய்டு ஓட்டைகள் பற்றி அடிக்கடி எச்சரிக்கை விடுகிறது. கடைசியில் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "உடனே அப்டேட் செய்யுங்கள்". சரி... கம்பெனி அனுப்பினால்தானே செய்ய முடியும்?

கை மாறி கை மாறி...

கூகுள் ஒரு அப்டேட்டை வெளியிட்ட உடனே அது நேராக நம்ம போனுக்கு வந்துவிடாது. குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனிகள் தங்கள் சிப்புக்கு ஏற்ப அதை சரிசெய்ய வேண்டும். பிறகு போன் கம்பெனி தன் மாடல்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாற்றி, டெஸ்ட் செய்ய வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளில் சிம் கம்பெனியும் தன் பங்குக்கு டெஸ்ட் செய்து 'ஓகே' சொல்ல வேண்டும்.

இதெல்லாம் முடிந்தாலும் ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்புவதில்லை. முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பி, கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகே மற்றவர்களுக்கு. அதனால்தான் ஒரே மாடல் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த அப்டேட் நமக்கு வரவில்லை.

இந்தியாவில் பெரும்பாலும் போனை தனியாகவும் சிம்மை தனியாகவும் வாங்குகிறோம். எனவே சிம் கம்பெனியின் தலையீடு இங்கே குறைவு. ஆனால் புது நெட்வொர்க் வரும்போது மட்டும் 2 பேரும் சேர்ந்தால்தான் கதை நகரும். அதற்கு சரியான சாட்சி 5ஜி.

5ஜி-யில் நடந்த கூத்து

2022-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி டெல்லியில் பிரதமர் மோடி 5ஜி சேவையை தொடங்கி வைத்தார். சில நாட்களிலேயே ஏர்டெல் நிறுவனம் சென்னை உள்பட 8 நகரங்களில் 5ஜி கொடுத்தது. ஜியோவும் களத்தில் குதித்தது.

ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் கொட்டி 5ஜி போன் வாங்கியவர்கள் பலருக்கு ஏமாற்றம்தான் மிச்சம். போனில் 5ஜி வசதி இருக்கிறது. மேலே டவரிலும் 5ஜி இருக்கிறது. நடுவில் சாப்ட்வேர் பூட்டு! ஆப்பிள் ஐபோன்கள், சாம்சங்கின் பல மாடல்கள், கூகுள் பிக்சல் போன்களுக்கு அப்டேட் வராததால் அவை 4ஜி-யிலேயே கிடந்தன.

இதில் இன்னொரு சிக்கல். ஜியோ தனி 5ஜி கட்டமைப்பு போட்டது. ஏர்டெல் 4ஜி கட்டமைப்பின் மேலேயே 5ஜி-யை ஓட்டியது. ஒரே போன் ஒரு சிம்மில் வேலை செய்து இன்னொன்றில் மக்கர் செய்தது. 'நெட்வொர்க் டெஸ்ட் நடக்குது' என்று போன் கம்பெனி சொல்ல, 'அப்டேட் கம்பெனிதான் தரணும்' என்று சிம் கம்பெனி கைகாட்ட... வாடிக்கையாளர் நடுவில் பந்தாடப்பட்டார்.

கடைசியில் மத்திய அரசே தலையிட்டது. அக்டோபர் 12-ந் தேதி தொலைத்தொடர்பு துறை, தகவல் தொழில்நுட்ப துறை அதிகாரிகள் போன் கம்பெனிகளையும் சிம் கம்பெனிகளையும் கூப்பிட்டு பேசினார்கள்.

அதன் பிறகு நடந்ததை கவனியுங்கள். சாம்சங் நவம்பர் மாதத்தை இலக்காக சொன்னது. ஆப்பிள் டிசம்பரில் தருவதாக அறிவித்து, டிசம்பர் 13-ந் தேதி ஐ.ஓ.எஸ். 16.2 அப்டேட்டில் கொடுத்தும் விட்டது. நெருக்கிப் பிடித்தால் அப்டேட் வரும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

விலையை பார்த்து ஆயுள்

5ஜி விவகாரத்தில் சிக்கியது விலை உயர்ந்த போன்கள். அதனால் டெல்லி வரைக்கும் சத்தம் கேட்டது. 8 ஆயிரம், 10 ஆயிரம் ரூபாய் போன் வைத்திருப்பவர்களின் சத்தம் எங்கே கேட்கிறது?

2023-ம் ஆண்டு அக்டோபரில் வந்த பிக்சல் 8 போனுக்கு 7 வருடம் அப்டேட் தருவதாக கூகுள் அறிவித்தது. 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதே 7 வருடம் என்றது. இரண்டுமே சாமானியர் கைக்கு எட்டாத விலை. குறைந்த விலை போன்கள் பலவற்றுக்கு 2, 3 வருடத்தோடு கதை முடிந்துவிடுகிறது. அந்த வருடக்கணக்கும் போன் அறிமுகமான நாளில் இருந்தே ஓட ஆரம்பித்துவிடும். ஆபரில் கிடைக்கிறதே என்று 1½ வருடம் பழைய மாடலை வாங்கினால், வாங்கும்போதே பாதி ஆயுள் போய்விட்டது என்று அர்த்தம்!

2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12-க்கு 2025 மார்ச் மாதத்தோடு செக்யூரிட்டி அப்டேட் வெளியிடுவதை கூகுள் நிறுத்திக்கொண்டது. அதிலேயே நின்றுபோன போன்களில்தான் இன்னும் பலர் பணம் அனுப்பிக்கொண்டு இருக்கிறார்கள். நாளாக நாளாக பேங்க் ஆப்களும் கைவிரிக்கும். ஆண்ட்ராய்டு 4 வகை போன்களில் வாட்ஸ்அப் எப்போதோ நின்றுவிட்டது.

ஏழைகளுக்கு உடனுக்குடன் அப்டேட் என்ற வாக்குறுதியும் முன்பே ஒருமுறை வந்து போனதுதான். 2014-ம் ஆண்டு செப்டம்பரில் மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் கம்பெனிகளோடு சேர்ந்து 'ஆண்ட்ராய்டு ஒன்' போன்களை கூகுள் இந்தியாவில்தான் முதன்முதலில் இறக்கியது. விலை ரூ.6,399. அதே வருடம் நவம்பரில் 'லாலிபாப்' என்ற ஆண்ட்ராய்டு 5 வெளியானது. ஆனால் இந்த போன்களுக்கு அது 2015-ல்தான் வந்து சேர்ந்தது.

அரசு வேலைக்கும் அடி

இந்த பிரச்சினை அரசு ஊழியர்களையும் விடவில்லை. 2021-ம் ஆண்டு மராட்டியத்தில் அங்கன்வாடி ஊழியர்கள், அரசு கொடுத்த போன்களை அரசிடமே திருப்பி ஒப்படைத்து போராடினார்கள். ஆப் மட்டும் புதுசு புதுசாக பெருக்கிறது. போன் தாங்கவில்லை என்பதே அவர்கள் குமுறல்.

கம்பெனி தரப்பு நியாயம்

கம்பெனிகள் சொல்வதிலும் விஷயம் இல்லாமல் இல்லை. அவசரமாக அனுப்பிய அப்டேட் சொதப்பினால் லட்சக்கணக்கான போன்கள் முடங்கும். 2018 அக்டோபரில் இத்தாலி நாட்டு அரசு அமைப்பு, அப்டேட்டால் பழைய போன்கள் மெதுவாகிவிட்டன என்று ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் அபராதமே போட்டது. நம்ம ஊரிலும் "அப்டேட் போட்டா போன் ஹேங் ஆகிடும்" என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய.

ஆனால் டெஸ்ட் செய்ய நேரம் வேண்டும் என்பது வேறு; எத்தனை வருடம் தருவோம் என்றே சொல்லாமல் விற்பது வேறு. முதலாவது நியாயம். இரண்டாவது வியாபாரம். பழைய போன் ஓடிக்கொண்டே இருந்தால் புது போன் எப்படி விற்கும்?

வெளிநாட்டில் கிடுக்கிப்பிடி

இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29-ந் தேதி முதல், செக்யூரிட்டி அப்டேட் எந்த தேதி வரை கிடைக்கும் என்பதை போன் கம்பெனிகள் வெளிப்படையாக சொல்லியே ஆகவேண்டும்.

ஐரோப்பிய யூனியன் இன்னும் ஒரு படி மேலே. 2025 ஜூன் 20-ந் தேதி அமலுக்கு வந்த விதிப்படி, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருடம் அப்டேட் கிடைக்க வேண்டும். செக்யூரிட்டி அப்டேட் வெளியான 4 மாதத்துக்குள் போனுக்கு வந்து சேர வேண்டும். பெரிய அப்டேட்டுக்கு 6 மாதம் கெடு. விலை குறைந்த போனுக்கும் இதே விதிதான்.

அதே கம்பெனிகள்தான் இங்கேயும் கடை விரிக்கின்றன. ஆனால் இங்கே இப்படி ஒரு கட்டாயம் இல்லை. 2025 மே மாதம், போன்களை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மார்க் போடும் திட்டம் பற்றிய அறிக்கை மத்திய நுகர்வோர் துறையிடம் கொடுக்கப்பட்டது. அதில் சாப்ட்வேர் அப்டேட்டும் ஒரு அம்சம். ஆனால் மார்க் போடுவது ஒன்று, கட்டாயப்படுத்துவது ஒன்று.

வாங்கும் முன் கேளுங்க

அதுவரை ஜனங்கள் உஷாராக இருப்பதுதான் வழி. கடைக்கு போனதும் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால், "இந்த மாடல் எப்போ வந்தது? எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும்?" என்று கேட்க வேண்டும். பதிலை கம்பெனி இணையதளத்திலும் சரிபார்ப்பது நல்லது.

கையில் இருக்கும் போனில் செட்டிங்ஸ் போய் ஆண்ட்ராய்டு வெர்ஷன் பகுதியை பார்த்தால், கடைசி செக்யூரிட்டி அப்டேட் தேதி தெரியும். அது வருடக்கணக்கில் பழசு என்றால் அந்த போனில் பேங்க் ஆப் வேண்டாம். தெரியாத லிங்கை தொடவே கூடாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

விளம்பரத்தில் சொன்ன வருடக்கணக்கை கம்பெனி காப்பாற்றவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு கட்டணம் கிடையாது. பில் மட்டும் பத்திரம்!

மாத்திரை அட்டையில் காலாவதி தேதி இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிறது. போன் பெட்டியிலும் விலை அச்சடித்தே தீரவேண்டும். அதே பெட்டியில், விலைக்கு பக்கத்திலேயே 'இந்த தேதி வரை அப்டேட் உண்டு' என்று ஒரு வரி சேர்க்க கம்பெனிக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. அந்த ஒரு வரியை அரசு கட்டாயமாக்கினால், எந்த போன் நிற்கும், எது பாதியில் கைவிடும் என்று சுந்தரபாண்டியத்து ஜனமே பார்த்து வாங்கிக்கொள்ளும்.