பேரமும் பண்பும்

“பேரம் பேசத் தெரியாதவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது” என்று கூறும் பாட்டிமார் உண்டு. “பேரம் பேசுவது கௌரவக் குறைவு” என்று கருதுவோரும் நம்மிடையே உண்டு. என்னைக் கேட்டால், பேரம் பேசுவதில் தவறே இல்லை. பேசும் விதத்தில்தான் நன்மையும் தீமையும் இருக்கின்றன என்பேன்.

சென்னையில் 1985-ஆம் ஆண்டு தீக்கிரையான மூர் மார்க்கெட், பழைய புத்தகங்களுக்கும் பேரத்திற்கும் பெயர் பெற்றது. அத்தகைய கடைகளில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினர். விலை படியாவிட்டால் வாங்குபவர் இரண்டடி நடப்பார். கடைக்காரர் திரும்ப அழைப்பார். இன்றோ அந்தச் சந்தை கைபேசிக்குள் வந்துவிட்டது. ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழு என்று பல இடங்களில் சைக்கிள் முதல் கட்டில் வரை விற்கிறார்கள். வசதி பெருகியது, முகம் மறைந்தது. முகத்தோடு மரியாதையும் மறைந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற கோடை விடுமுறையில் எனக்காக ஒரு பழைய சைக்கிள் தேடினோம். ஒருவர் 3,000 ரூபாய் என்று விலை போட்டிருந்தார். அப்பாவின் கைபேசியிலிருந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், “லாஸ்ட் பிரைஸ் என்ன? 1,000-க்குத் தருவீர்களா?” என்று அனுப்பினேன். பதில் வரவில்லை. ‘எவ்வளவு கர்வம்!’ என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த மாதமே எனக்குப் பாடம் கிடைத்தது. முழங்கால் வலியால் பாட்டியால் தையல் மிஷினை மிதிக்க முடியவில்லை. அதில் தைத்துத்தான் என் அம்மாவைப் படிக்க வைத்தார்கள். மனமின்றி விற்கச் சம்மதித்தார்கள். 4,500 ரூபாய் என்று போட்டோம். வந்த செய்திகளை என்னை வாசிக்கச் சொன்னார்கள். “800 தர்றேன்.” “இதெல்லாம் காயலான் கடைச் சரக்கு.” “இரும்பு விலைக்குத் தாங்க.” மூன்றாவது செய்தியோடு, “போதும்மா, வாசிக்காதே” என்று உள்ளே சென்றுவிட்டார்கள். அந்தச் செய்திகளை அனுப்பியவர்களுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? வெட்கித் தலைகுனிந்தேன்.

பிறகு ஓர் அக்கா எழுதினார். “வணக்கம் அம்மா, மிஷின் இன்னும் இருக்கிறதா? பார்க்க வரலாமா?” என்று கேட்டு, சொன்ன நேரத்திற்குக் கணவருடன் வந்தார். துணி வைத்துத் தைத்துப் பார்த்தார். “நல்லா வச்சிருக்கீங்கம்மா. பெல்ட் மட்டும் தேய்ஞ்சிருக்கு, பலகை ஒரு பக்கம் விரிசல் விட்டிருக்கு. ஆட்டோ வாடகை வேற இருக்கு. நாலாயிரத்துக்குத் தர முடியுமா?” என்றார். பாட்டி உடனே ஒப்புக்கொண்டதோடு, தம் கத்தரிக்கோலையும் பாபின் டப்பாவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர் சென்றபின், “அந்தப் பொண்ணு விலையைத்தான் குறைச்சா, என்னைக் குறைக்கலை” என்றார்கள்.

தோழியரே, இதுதான் பேரத்தின் இலக்கணம். முதலில் அதுபோன்ற பொருள் பிற இடங்களில் என்ன விலைக்குப் போகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். குறைத்துக் கேட்கக் காரணம் சொல்ல வேண்டும். கையில் பணமே குறைவாக இருந்தால், “என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, முடியாவிட்டால் பரவாயில்லை” என்று சொல்வதில் இழிவில்லை. கைபேசியில் ஒரு விலைக்குச் சம்மதித்துவிட்டு, வாசலில் நின்று மீண்டும் குறைக்கச் சொல்வது வாக்குத் தவறுவதாகும். வேண்டாமென்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். காத்திருப்பவரும் நம்மைப் போன்ற மனிதரே.

வாங்கும்போது பொருளை மோசம் மோசம் என்று இகழ்ந்துவிட்டு, வீடு திரும்பியதும் பெருமை பேசுபவனைப் பற்றி விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் 20-ஆம் அதிகாரத்திலேயே கூறப்பட்டுள்ளது. ஆக, இந்தக் குறை கைபேசியோடு பிறந்ததன்று. அதுபோல, பொருளில் உள்ள பழுதை மறைக்காமல் கூறுவது விற்பவரின் கடமை.

பண்பு என்றால் ஏமாளித்தனம் அன்று. பொருளைப் பாராமல் முன்பணம் அனுப்பக் கூடாது. பெரியவர் துணையின்றிச் செல்லக் கூடாது. யூபிஐ முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. “பணம் அனுப்புகிறேன், எண்ணை அழுத்துங்கள்” என்பவர் நம் பணத்தையே எடுக்கப் பார்க்கிறார். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பாட்டியின் மிஷின் சென்ற அன்று மாலை, அப்பாவின் அனுமதியோடு சைக்கிள்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சைக்கிள் முன்பே விற்றுப் போயிருந்தது. ஆனால் இம்முறை பதில் வந்தது: “பரவாயில்லைம்மா.”

சிக்கனம் நம் வீட்டுக்கு நன்மை. மரியாதை இருவர் வீட்டுக்கும் நன்மை. ஆகவே பேரம் பேசுவோம்; பண்போடு பேசுவோம்!