பக்கவாசலில் வருவோர்க்குப் படியளப்பவர் யார்?

ஒரே ஊர்; ஒரே அரசுப் பள்ளி; ஒரே பெஞ்சு. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலே குத்தகை நிலத்தை உழுது பிழைக்கும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். பத்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தனர். ஒருவன் மேல்நிலைப் பள்ளியில் தொடர்ந்தான். மற்றவனோ, மூன்றே ஆண்டில் கையிலே ஒரு தொழில் வந்துவிடும், வீட்டுக் கடன் கொஞ்சம் குறையும் என்று கருதிப் பாலிடெக்னிக்கிலே சேர்ந்தான். முன்னவன் தலைவாசல் வழியே பொறியியல் கல்லூரியின் முதலாண்டில் நுழைந்தான். பின்னவன் பட்டயத்தோடு பக்கவாசல் வழியே நேரே இரண்டாம் ஆண்டுக்கு வந்தான். 'லேட்டரல் என்ட்ரி' என்பது அதன் பெயர். கணக்குப் பார்த்தால், பள்ளியை விட்டு மூன்றாண்டு கழித்து இருவரும் மீண்டும் ஒரே பெஞ்சில் அமர்கின்றனர்!

ஆனால் ஒருவனுக்குக் கட்டணத்தை அரசு கட்டுகிறது. மற்றவனுக்கு அவன் தாயின் தோடு கட்டுகிறது.

எங்கிருந்து வந்தது இந்த வேற்றுமை? 2021ஆம் ஆண்டிலே தமிழ்நாடு ஒரு சட்டம் செய்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம். அவர்தம் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும் என்றும் அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. பாராட்ட வேண்டிய சட்டம், நாமும் பாராட்டினோம். ஆயின் அதன் பயனைப் பெற, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு பட்டயம் நோக்கிப் போனவன் வெளியே நிற்கிறான். அவன் படித்த பள்ளி பணக்காரப் பள்ளியா? அவன் தகப்பன் பண்ணையாரா? பதினைந்து வயதிலே வீட்டு நிலையை எண்ணி ஒரு முடிவெடுத்தானே, அது குற்றமா?

"முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை இருக்கிறதே" என்பர் சிலர். இருக்கிறது, 2010இல் வந்தது, எண்ணற்ற வீடுகளில் விளக்கேற்றியது. ஆனால் வீட்டுக்கு ஒருவர்க்கே அது. அக்காள் பட்டம் பெற்றுவிட்டால் தம்பிக்குக் கதவு அடைபடும். பட்டம் பெற்ற அக்காள் திருப்பூரிலே என்ன சம்பளம் வாங்குகிறாள் என்று கேட்பார் இல்லை. அவள் சம்பளத்தையும் சேர்த்தெழுதிய வருமானச் சான்றிதழ் வரம்பைக் கொஞ்சம் தாண்டினால் உதவித்தொகையும் போயிற்று.

2017இல் கட்டண நிர்ணயக் குழு, தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் தரச்சான்று பெற்ற படிப்புக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய் என்று வரையறுத்தது. அந்தப் பழைய கணக்கிலேயே மூன்றாண்டுக்கு 1,65,000. விடுதி, பேருந்து, புத்தகம் எல்லாம் தனி. அந்தப் பணத்தை எந்த மாதத்தில் கேட்கிறார்கள்? மேட்டூரிலே சூன் 12இல் மதகு திறந்து, குறுவை நாற்று நடவாகும் பருவத்தில்! உழவன் கையில் இருந்ததெல்லாம் விதையாகவும் உரமாகவும் சேற்றில் கிடக்கும் காலம் அது. குறுவை அறுவடைக்கு ஐப்பசி ஆகும். சம்பாவுக்கோ தை பிறக்க வேண்டும். கல்லூரி ஐப்பசி வரை காத்திருக்குமா?

"வங்கிக்குப் போ" என்று அறிவுரை வேறு. நான்கு லட்சம் வரை ஈடு வேண்டியதில்லை என்பது வங்கிகளின் திட்டம், மெய்தான். எனினும் கடன் கடன்தானே! ஒரே பெஞ்சில் அமர்ந்த ஒருவன் பட்டத்தோடு வெளியேறுகிறான். மற்றவன் பட்டத்தோடும் பத்திரத்தோடும் வெளியேறுகிறான்.

பழம்பெருமை பேசுவோர்க்கு ஒன்று நினைவூட்டலாம். முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, வேதக் கல்லூரி ஒன்றில் பயின்ற 340 மாணவர்க்கு நாள்தோறும் நெல் அளந்த செய்தியைச் சொல்கிறது. அவர்களிடம் வருமானச் சான்றிதழ் கேட்டதாக அதிலே செய்தி இல்லை! நெல்லை விளைவித்தவன் பிள்ளை அந்த 340 பேரில் ஒருவனாய் அமர்ந்திருக்க முடியுமா? ஆயிரம் ஆண்டு கழித்து, கல்லூரிக்குள் காலெடுத்து வைத்திருக்கும் அவன் பேரனிடம் நாம் கேட்கிறோம், 'பன்னிரண்டாம் வகுப்பு எங்கே படித்தாய்?' என்று.

"பட்டயம் போதாதா, பட்டம் எதற்கு?" என்று கேட்பவர் தம் பிள்ளையைப் பட்டயத்தோடு நிறுத்திக் காட்டட்டும். அவர்களுக்கு விடை அவ்வளவே. "கருவூலம் தாங்காது" என்போர்க்கு மட்டும் ஒரு கணக்கு: தலைவாசலில் வருபவனுக்கு அரசு நான்கு ஆண்டுக் கட்டணம் கட்டுகிறது, பக்கவாசலில் வருபவனுக்கு மூன்றாண்டே போதும். புதிய கொள்கையும் வேண்டியதில்லை. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், பாலிடெக்னிக் மாணவியையும் மாதம் 1,000 ரூபாய்க்கு உரியவள் என்று ஏற்றுக்கொண்டது. அங்கே ஏற்ற பிள்ளையை இங்கே தள்ளுவானேன்?

ஆகவே தோழர்களே, 'ஆறு முதல் பத்து வரை அரசுப் பள்ளியில் பயின்று, பட்டயம் பெற்று, இரண்டாம் ஆண்டில் சேர்வோர்க்கும்' என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுங்கள். ஆனி மாதக் கலந்தாய்வுக்கு முன்பே கொடுங்கள். அதற்குப் பின் தோடு அடகுக் கடைக்குப் போய்விட்டிருக்கும்.