நீட் வினாத்தாளை வாசிக்கப் பழகுவோம்

ஜிப்மர் தனியாக நுழைவுத் தேர்வு நடத்திய காலம் இப்போது கல்லூரி முடித்திருப்பவர்களுக்கு நினைவிருக்கும். 2019-இல் நடந்ததே கடைசி. 200 கேள்விகள், 800 மதிப்பெண். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் தலா 60 கேள்விகள். மிச்சமிருந்த 20 கேள்விகள் வேறு வகை. ஆங்கிலத்துக்கும் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதற்கும் 10, தர்க்கத்துக்கும் கணக்குக்கும் 10. வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வரும். அறிவியல் பாடப் புத்தகம் எதிலும் இல்லாத ஒன்றுக்கு, மொத்த மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு. கோரிமேட்டுக்கு ஒரே பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய நம் காலனிப் பிள்ளைக்கு, அந்த 80 மதிப்பெண் டெல்லியைவிடத் தொலைவில் இருந்தது.

2020 முதல் ஜிப்மருக்கும் நீட் தேர்வுதான். தனிப் பகுதி ஒழிந்தது. நல்லது என்றுதான் நாமும் நினைத்தோம். ஆனால் நீட் வினாத்தாளைக் கையில் எடுத்துப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். அந்தப் பகுதி ஒழியவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு உயிரியலுக்குள்ளும் வேதியியலுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

கூற்று – காரணம், கூற்று 1 – கூற்று 2, பொருத்துக, சரியல்லாததைத் தேர்ந்தெடு: இந்த வகைக் கேள்விகளைத்தான் சொல்கிறோம். ஓர் உதாரணம் பார்ப்போம். கூற்று: தமனிகள் இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்துச் செல்கின்றன. காரணம்: நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் ஓடுகிறது. இரண்டுமே உண்மை. பாடத்தை மனப்பாடம் செய்த மாணவி இரண்டையும் படித்து, இரண்டும் சரி என்று கண்டதும், "காரணம் கூற்றை விளக்குகிறது" என்ற விடையில் கை வைத்துவிடுவார். தவறு. நுரையீரல் தமனியில் எந்த ரத்தம் ஓடுகிறது என்பது, தமனி ஏன் ரத்தத்தை வெளியே எடுத்துச் செல்கிறது என்பதற்குக் காரணம் ஆகாது. இரண்டு உண்மைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். ஆக, உயிரியல் தெரிந்தும் 5 மதிப்பெண் வித்தியாசம்.

இதற்குப் பெயர்தான் சொல்வழித் தர்க்கம். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகள் இதை மறைக்காமல் தனித் தேர்வாகவே வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் எம்கேட் தேர்வில் 90 நிமிடத்தில் 9 பத்திகளைப் படித்து 53 கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். பத்திகள் இலக்கியம், வரலாறு, சமூகம் பற்றியவை, மருத்துவம் பற்றியவை அல்ல. பிரிட்டனின் யூகேட் தேர்விலும் இப்படி ஒரு பகுதி உண்டு. அங்கே சில கேள்விகளுக்கு மூன்று விடைகள்தான்: சரி, தவறு, சொல்ல இயலாது. இந்த மூன்றாவது விடை நம் பிள்ளைகளுக்கு யாரும் பள்ளியில் சொல்லித்தராதது. அதை நாம் கொஞ்சம் விரித்துப் பேச விரும்புகிறோம்.

ஒரு சிறு பத்தி: "பிரெஞ்சு ஆட்சியின்போது 1823-இல் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1956-இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது. 1964-இல் ஜிப்மர் என்ற பெயர் பெற்றது." இப்போது கேள்வி: "1823-க்கு முன் புதுச்சேரியில் நோய்க்கு வைத்தியம் பார்ப்பவர் எவரும் இல்லை." சரியா, தவறா, சொல்ல இயலாதா? தவறு என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். நாட்டு வைத்தியர்கள் இருந்தார்கள், மருத்துவச்சிகள் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் பத்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேள்வி கேட்பவர் நமக்குத் தெரிந்ததைக் கேட்கவில்லை. பத்தி சொன்னதை மட்டும் கேட்கிறார். விடை: சொல்ல இயலாது. இந்த இடத்தில் தடுக்கி விழுபவர்கள் மந்தமானவர்கள் அல்லர். நிறையத் தெரிந்தவர்களே விழுகிறார்கள்.

(அந்த 1823-ஆம் ஆண்டுப் பள்ளி பிரெஞ்சு ஆட்சியின் பள்ளி, பிரெஞ்சு தெரியாதவருக்கு அங்கே என்ன இடம் இருந்திருக்கும்? வைத்தியம் படிக்க முதலில் ஒரு மொழியின் வாசலைத் தாண்ட வேண்டும் என்ற நிலைமை இந்த ஊருக்குப் புதிதல்ல. அப்போது பிரெஞ்சு, இப்போது ஆங்கிலம்.)

தமிழில் நீட் எழுதலாமே என்று கேட்கலாம். 2017 முதல் எழுதலாம்தான். அதன் கதை நமக்குத் தெரியும். 2018 தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போடப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒரு கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. அந்த ஆண்டு முடிவதற்குள் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதாவை இழந்தோம். பிளஸ் 2-வில் 1200-க்கு 1176 எடுத்த மாணவி, நீட்டில் 720-க்கு 86. பாடத்திட்டம் வேறு, பயிற்சி இல்லை, தேர்வின் வடிவமே வேறு, எத்தனையோ காரணம். தமிழ் வழியில் படித்து மருத்துவம் சேர்ந்தவர்களின் பங்கு நீட்டுக்குப் பிறகு பெரிதும் சரிந்ததை, தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் பதிவு செய்தது. நீட் வேண்டாம் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. அந்தப் போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். அடுத்த மே மாதம் தேர்வுக்கூடத்தில் உட்காரப்போகும் பிள்ளையிடம் போராட்டம் முடியும் வரை காத்திரு என்று சொல்ல முடியாது.

எனவே, தமிழில் எழுதும் மாணவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். தமிழ் வினாத்தாளில் ஆங்கில வடிவமும் கூடவே அச்சாகியிருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. 2025 முதல் 180 கேள்விக்கு 180 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். எல்லாவற்றையும் இரண்டு முறை படிக்க நேரம் கிடையாது. தமிழில் படியுங்கள், வாக்கியம் நெருடினால் மட்டும் ஆங்கிலத்துக்குப் போங்கள். அங்கே போனால் முழு வாக்கியமும் புரிய வேண்டும் என்பதில்லை. சில சொற்கள் கண்ணில் பட்டால் போதும். 'நாட்' என்றால் அல்ல. 'இன்கரெக்ட்' என்றால் தவறானது. 'எக்செப்ட்' என்றால் இதைத் தவிர. 'ஒன்லி' என்றால் மட்டுமே. 'ஆல்வேஸ்' என்றால் எப்போதும். 'ரெஸ்பெக்டிவ்லி' என்றால் முறையே. இந்த ஆறேழு சொற்களை ஒரு அட்டையில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினாலும் தப்பில்லை. இவற்றைத் தவறவிட்டு இழக்கும் மதிப்பெண்கள், பாடம் தெரியாமல் இழக்கும் மதிப்பெண்களைவிட மனதை அதிகம் வருத்தும்.

'மட்டுமே' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் அனோபிலிஸ் கொசு மலேரியாவைப் பரப்புகிறது: சரி. கொசுக் கடியால் மட்டுமே மலேரியா பரவும்: தவறு, ரத்தம் ஏற்றும்போதும் பரவலாம். இரண்டு வாக்கியத்துக்கும் இடையே ஒரு சொல்தான் வித்தியாசம்.

இதெல்லாம் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு உரிய சாமர்த்தியம், நமக்கு வராது என்று சிலர் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. கூலி வேலைக்குப் போய்வந்த நம் பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். "சனிக்கிழமை கூலி தர்றேன்னு சொன்னாரா, பார்க்கலாம்னு சொன்னாரா?" என்று வந்தவரை நிறுத்திக் கேட்பார்கள். "பார்க்கலாம்னுதான் சொன்னார்" என்றால், "அப்ப தரமாட்டான்" என்று அங்கேயே தீர்ப்பு. சொன்னது எது, சொல்லாமல் விட்டது எது, சொன்னதிலிருந்து எதைப் பெறலாம், எதைப் பெறக் கூடாது என்று பிரித்தறிவதுதானே இந்தத் தேர்வு கேட்பது? ஆண்டையின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பார்த்தே பிழைக்க வேண்டியிருந்த சமூகத்துக்கு இது தெரியாத வித்தை இல்லை. அதைக் காகிதத்தில், கடிகாரத்துக்கு முன்னால் செய்யப் பழகவில்லை. குறை அது ஒன்றுதான்.

நம் முன்னோடிகளில் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, ஊரார் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட கதைகளையும் சொற்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, இதற்கு என்ன ஆதாரம், இது எங்கிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டே இருந்தவர். மருத்துவமும் நுணுகிய வாசிப்பும் ஒரே ஆளிடம் இருந்த வரலாறு நமக்கு உண்டு.

பயிற்சிக்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. லட்சக்கணக்கில் பணம் கட்டி மையங்களில் சேர்பவர்கள் சேரட்டும். திருபுவனையிலோ ஏம்பலத்திலோ நெட்டப்பாக்கத்திலோ நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் போதும். தினமும் ஒரு நாளிதழின் தலையங்கம் அல்லது அறிவியல் கட்டுரை. ஒருவர் உரக்கப் படிக்க, மற்ற மூவரும் ஆளுக்கொரு வாக்கியம் எழுத வேண்டும்: கட்டுரை சொல்வது ஒன்று, மறுப்பது ஒன்று, கட்டுரையை வைத்துச் சொல்ல இயலாதது ஒன்று. பிறகு எழுதியதை மாற்றிக்கொண்டு வாதாட வேண்டும். வாதம் முற்றினால் கட்டுரைக்குத் திரும்பி, எந்த வரி என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். விரல் வைக்க முடியாதவர் தோற்றார். ஆரம்பத்தில் ஒரு கட்டுரைக்கு முக்கால் மணி நேரம் ஆகும், பரவாயில்லை. தமிழில் கை வந்த பிறகு, என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகத்தின் ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் எடுத்து இதையே செய்யுங்கள். பாடமும் படித்ததாயிற்று.

11-ஆம் வகுப்பில் தொடங்குவதைவிட 8-ஆம் வகுப்பில் தொடங்குவது நல்லது. பாடம் மூன்று மாதத்தில் மனப்பாடம் ஆகலாம். வாசிப்பு அப்படி வராது. நகரத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. 1827-இலிருந்து இந்த ஊரில் இருக்கும் பொது நூலகம், யாரும் உள்ளே போகலாம். சான்றிதழ் வாங்க, விண்ணப்பம் கொடுக்க என்று பிள்ளையை நகரத்துக்கு அழைத்து வரும் பெற்றோர், திரும்பும் முன் அரை மணி நேரம் அங்கே உட்கார வைத்துவிட்டு டீ குடித்து வரலாம்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-இல் வந்தது. வரவேற்றோம். அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கும் மாறியிருக்கின்றன. புத்தகம் ஆங்கிலத்துக்கு மாறிய வேகத்தில் அதை வாசிக்கும் பழக்கம் மாறிவிடவில்லை. முந்தின ஆண்டு வரை தமிழில் படித்த பிள்ளை, மறு ஆண்டு என்.சி.இ.ஆர்.டி. ஆங்கில வாக்கியத்தின் முன் திகைத்து நிற்கிறது. பட்டியலின மாணவருக்கு நீட் தகுதி 40-ஆவது பெர்சன்டைல், விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய் என்ற சலுகைகள் உண்டுதான். ஆனால் இடம் கிடைப்பது தகுதியால் அல்ல, தரவரிசையால். அந்த வரிசையில் முன்னே நகர்த்துவது இந்த ஐந்தைந்து மதிப்பெண்கள்.

ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் மாணவர் விடுதிகளில் இரண்டு தமிழ் நாளிதழும் ஓர் ஆங்கில நாளிதழும் தினமும் வர வேண்டும். அவை காப்பாளர் மேசையில் மடித்து வைக்கப்படாமல் பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும். இரவு உணவுக்கு முன் ஒரு மணி நேரம் வாசிப்பு நேரமாக அறிவிக்கப்பட வேண்டும். அரசு நடத்தும் நீட் பயிற்சி வகுப்புகளில் வாரம் ஒரு வகுப்பையாவது கூற்று – காரணக் கேள்விகளுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். அதை உயிரியல் ஆசிரியரும் மொழி ஆசிரியரும் சேர்ந்து எடுக்க வேண்டும். மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் ஜிப்மரிலும் கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது, பழைய வினாத்தாள் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து காலனி சமுதாயக் கூடத்தில் உட்காருங்கள். எந்தக் கேள்வியில் நீங்கள் ஏமாந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.