கணக்கில் வராதவர்கள்



2019 டிசம்பர் 8, ஞாயிறு விடியற்காலை. தில்லி அனாஜ் மண்டியில் ஒரே கட்டிடத்தில் 43 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்த கூலிகள். பகலில் வேலை பார்த்த அதே இடத்தில் இரவில் படுத்தவர்கள். பலரைக் கொன்றது புகை. தீயணைப்புத் துறையின் அனுமதி அந்தக் கட்டிடத்துக்கு இல்லை. சந்து குறுகல், வண்டி கிட்டே போக முடியவில்லை. வழக்கம்போல 'விபத்து' என்றார்கள்.

எனக்கு அது புதுச் செய்தியாகப் படவில்லை. படிக்கிற காலத்தில் சென்னையில் ஒரு பட்டறைப் பரணில் இரண்டு வருஷம் படுத்திருக்கிறேன். கீழே தின்னர் டப்பாவும் அட்டைக் கட்டும். ராத்திரி பத்து மணிக்கு முதலாளி ஷட்டரை இறக்கி வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவார். "சரக்கு திருட்டுப் போயிடக் கூடாதுல்ல" என்பார். உள்ளே நாலு பேர் கிடந்தோம்.

கீழே கடை, நடுவில் கிடங்கு, மேலே ஆள் தூங்கும் இடம். இதைக் கலப்புப் பயன்பாட்டுக் கட்டிடம் என்கிறார்கள். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு கட்டிடங்களை 9 வகையாகப் பிரிக்கிறது. பல வகை ஒன்றாகச் சேர்ந்தால், அதிக ஆபத்துள்ள வகைக்கு உரிய விதியை முழுக் கட்டிடத்துக்கும் பின்பற்று, இல்லையென்றால் அந்தப் பகுதியைத் தீ தாங்கும் சுவரால் பிரி என்கிறது. நல்ல விதிதான். தூங்குகிறவனைப் புகை எழுப்பாது, மணிதான் எழுப்பணும். ஆகவே கடையில் பற்றினாலும் மேல்மாடியில் மணி அடிக்க வேண்டும். மேலே இருப்பவன் இறங்கும் படி கடைக்குள் வந்து முடியக் கூடாது. ஒயரும் குழாயும் தளம் தாண்டிப் போகும் ஓட்டைகளைத் தீ தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் அந்த ஓட்டைகளும் கதவில்லாத மாடிப்படியும் அடுப்புப் புகைக்கூண்டு மாதிரி புகையை மேலே இழுக்கும்.

இழுத்திருக்கிறது. 1997 ஜூன் 13, அதே தில்லியில் உபஹார் தியேட்டர். கார் நிறுத்தும் தரைத்தளத்தில் டிரான்ஸ்பார்மர். காலையில் ஒருமுறை பற்றியது, ஒப்பேற்றிவிட்டுப் போனார்கள். மாலையில் மறுபடி பற்ற, புகை படிக்கட்டு வழியாக பால்கனிக்கு ஏறியது. அங்கே கூடுதல் நாற்காலி போட்டு ஒரு பக்க வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் செத்தார்கள். அவர்களுடைய குடும்பங்கள் சங்கம் வைத்து இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட்டுக்கு நடந்தன. அனாஜ் மண்டியில் செத்தவனின் பெண்டாட்டி பீகாரிலிருந்து எத்தனை வாய்தாவுக்கு ரயில் ஏறுவாள்?

பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. வெளியேறும் வழியின் அகலத்தை ஆள் கணக்கை வைத்துத்தான் போடுகிறார்கள். வரைபடத்தில் 'கிடங்கு' என்று எழுதிய அறைக்கு ஆள் கணக்கு சொற்பம். அதில் பன்னிரண்டு பேர் பாய் விரிப்பது தாளில் வராது. பிணம் தூக்கிப் போகவும் ஊர்த்தெருவில் வழி மறிக்கப்பட்டவர்கள் நாம். அந்தத் தாளில் எந்த வழி யாருக்கு என்று நமக்குத் தெரியாதா? நாளை நீங்கள் அந்த மேசையில் உட்காரும்போது, ராத்திரி இங்கே யார் படுப்பார்கள் என்று கேளுங்கள். எரிச்சல்படுவார்கள். கேட்டதையும் பதிலையும் எழுத்தில் வையுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் கடைக்கு மேலே, கிடங்குக்குள்ளே படுக்கிறவர்களைப் போய்ப் பாருங்கள். எத்தனை பேர், எத்தனை படிக்கட்டு, பூட்டு எந்தப் பக்கம், சாவி யாரிடம் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுவோம். படுக்கிறவர்களின் பேர் வேண்டாம், வேலை போய்விடும்.